முழு வாடகை

"லோடு ஏறிக்கிட்டு இருக்கு" என்றான் கணவன்.

அடுப்பில் வெந்துகொண்டிருந்த முட்டையை அவள் மறந்தாள்.

"எந்த லோடு?"

"கண்ணாடி பாட்டிலு. எல்லாம் காலி பாட்டிலு. பாதி ஏறிடுச்சு."

"எந்த ஊருக்கு?"

அவன் ஊரைச் சொன்னான். வீட்டுக்கு நேர் எதிர்த் திசை. போய்ச் சேரவே இரண்டு நாள்.

"வாடகை?"

போனில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களைத்தான் கேக்குறேன். வாடகை எவ்வளவு?"

சொன்னான். டீசலையும் சுங்கச்சாவடியையும் கழித்தால் வழியில் அவன் குடிக்கிற டீக்குத்தான் காணும். டயர் தேய்மானத்தைக் கணக்கில் சேர்த்தால் அந்த டீயும் கடன்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"போன் கேட்ல இருந்துச்சு. அந்தக் குடோன்ல போனைக் குடுத்துட்டுத்தான் உள்ள விடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? இறக்கி முடிச்சு வெளிய வந்து போனைக் கையில வாங்குறேன், புரோக்கரோட ஆளு டீயோட நிக்கிறான். காலையில இருந்து பல்லுல பச்சைத் தண்ணி படல. வாங்கிக் குடிச்சேன். ஒரு லோடு இருக்கு அண்ணேன்னான். சரின்னுட்டேன்."

"ஒரு டீக்கு."

"பன்னும் குடுத்தான்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. ஏனென்றால், அவன் போன் கேட்டில் கிடந்த அந்த நேரத்தில்தான் அவளும் ஒரு 'சரி' சொல்லியிருந்தாள்.

"பேப்பர் மில்லுல இருந்து கூப்பிட்டாங்க" என்றாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நம்ம வண்டி கேட்ல நிக்கும்னு சொல்லிட்டேன்."

"எந்த மில்லு? அந்த மில்லா?"

"அந்த மில்லேதான்."

"நேர் லோடா?"

"நேர் லோடு. நடுவுல எவனும் இல்ல. வாடகை இருபத்தெட்டாயிரம்."

பாட்டில் சத்தம் நின்றது. அவன் லாரியை விட்டுத் தள்ளி நடந்து போயிருக்க வேண்டும்.

"ஐயோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஸ்டியரிங் அவனுக்கு, போன் அவளுக்கு. கடனை அடைத்து வண்டி சொந்தமான நாளிலிருந்து அப்படித்தான். புரோக்கர்கள் அவளை 'ஹலோ அக்கா' என்பார்கள். எந்த ரேட்டைச் சொன்னாலும் முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர்களையே கேட்பாள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே ஐந்நூறு ஏற்றிவிடுவார்கள். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. நாள் முழுக்க ஓட்டி, வரிசையில் காத்திருந்து, லோடுமேன்களோடு கத்தி, தானும் நாலு மூட்டை தூக்கி, வெளியே வரும்போது அவனிடம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்தான். அது 'சரி'. புரோக்கர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்களுடைய ஆட்கள் ஆபீசில் உட்காராமல் குடோன் வாசலில் நிற்கிறார்கள்.

பேப்பர் மில்லை அவள் ஒரு வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல், சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் மேனேஜருக்குப் போன் போட்டாள். முதலில் எடுக்கமாட்டார். பிறகு எடுத்து, "இப்ப இல்லம்மா" என்பார். பிறகு, "நீங்களாம்மா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். இன்றைக்கு அவரே கூப்பிட்டு ஒரு வண்டி அனுப்பச் சொன்னார். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வாராவாரம் உண்டு.

"பாட்டிலை இறக்கிட முடியாதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும்.

"ஏத்துக்கூலி ஆச்சு, இறக்குக்கூலி எவன் குடுப்பான்? அட்வான்ஸையும் வாங்கி டீசல் அடிச்சுட்டேன். டேங்க்ல இருந்து உறிஞ்சியா குடுக்க முடியும்?"

"வையுங்க. நான் பாக்குறேன்."

"ஏய்... திட்டிடு. திட்டாம வைக்காத."

"திட்டுறதுக்கும் தெம்பு வேணும்ல?" என்று சொல்லி வைத்தாள். முட்டை வெடித்து, தண்ணீரெல்லாம் வெள்ளையாக நுரைத்திருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டு, லோடை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டாள். "வண்டி இல்லேன்னா சொல்லிடுங்கம்மா, லைன்ல அஞ்சு பேர் இருக்காங்க" என்றார். கோபமில்லை, இரக்கமும் இல்லை. "இல்ல சார், இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இருக்கு என்றால் எங்கே இருக்கிறது? தெரிந்த சொந்த வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவர் வண்டி மலைப் பாதையில். ஒருவர் வண்டி கியர்பாக்ஸைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில். இன்னொருவர் உற்சாகமாக, "நம்பரைக் குடுங்க அக்கா, மில்லுக்காரங்ககிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார். அந்த உற்சாகம் போதும் என்று வைத்துவிட்டாள்.

மிச்சம் ஒரு வண்டி. ஊர் எல்லையில் லாரிப் பேட்டையில் சும்மா நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்காத மாதிரி பார்ப்பாள். அது அவளுடைய சொந்த அண்ணனின் வண்டி.

அண்ணனுக்குப் பேட்டையில் 'முக்கால்' என்று பெயர். முழு வாடகைக்கு அவன் வண்டி ஓடிப் பார்த்தவர் இல்லை. யார் என்ன கேட்டாலும் முக்காலுக்குப் போய்விடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தானிய மண்டியில் இவர்களுக்கு வாடிக்கையாகக் கிடைத்துவந்த லோடை அப்படித்தான் முக்காலுக்கு அடித்துக்கொண்டு போனான். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலே தெருதான் இருந்தது.

கணவன் மறுபடி கூப்பிட்டான். லோடு கட்டி முடித்துக் கிளம்பியிருந்தான்.

"உங்க அண்ணன் வண்டி நிக்குதாமே" என்றான் தயங்கித் தயங்கி.

"நிக்குது."

"கேட்டுப் பாரு. அவன் என்ன, இருபத்தொன்னுன்னாலே வாயெல்லாம் பல்லா வருவான். மிச்சம் ஏழு நமக்கு நிக்கும். நான் பண்ணின கூத்துக்கு ஈடாயிடும்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தப்பா? புரோக்கருங்க எடுக்கலையா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

பேட்டையில் வெயில் இல்லை, காற்றும் இல்லை. ஈயப் பாத்திரத்தை மூடினாற்போல வானம் இருந்தது. கிரீஸும் பழைய டயரும் கலந்த வாசனை. அண்ணன் வண்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, விரித்த தார்ப்பாய்க்கு நடுவில் கோணி ஊசியால் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். தலையில் நரை கூடியிருந்தது. தங்கச்சியைப் பார்த்தான். ஊசி நின்றது. பிறகு ஓடியது.

பக்கத்தில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த பஞ்சர்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடேங்கப்பா! ஹலோ அக்கா நேர்லயே வந்துட்டாங்க. போன் ரிப்பேரா?"

"உங்க வாய் ரிப்பேரானா சொல்லுங்க, நல்ல ஆளா அனுப்புறேன்" என்றாள்.

அண்ணன் தலை நிமிராமல் சிரித்தான். அதைப் பார்த்த பிறகு அவளால் உட்கார முடிந்தது. தார்ப்பாயின் மறு ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தைப்பவனுக்கு எதிரே ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் தையல் சுருங்காது. அது யாரும் சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்ன விஷயம்?" என்றான். "யாராவது செத்துட்டாங்களா?"

"வாயைக் கழுவு."

"இல்ல, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்திருக்கியே, அதான் கேட்டேன்."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியில ஷிப்ட்டு. அவ வர்றப்ப நான் கிளம்பிடறேன். நான் வர்றப்ப அவ கிளம்பிடறா. சண்டை போடக்கூட ஆள் கிடைக்கல. மாப்பிள்ளை எங்க?"

"பாட்டில் ஏத்திக்கிட்டுப் போறாரு." ஊரைச் சொன்னாள்.

அவன் ஊசியை நிறுத்தி, "காலி பாட்டிலா?" என்றான். "அந்த ரூட்டுலயா? அதுல என்ன நிக்கும்? நானே போகமாட்டேனே!"

முக்கால் போகாத லோடுக்குத் தன் கணவன் போயிருக்கிறான். வெட்கமாக இருந்தது. நடந்ததைச் சொன்னாள். டீயைச் சொன்னாள், பன்னைச் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும் அது" என்றான். "இறக்கி முடிச்சதும் உடம்புல ஒண்ணும் இருக்காது. அந்த நேரத்துல வேண்டாம்னு சொல்றது இருக்கே, அது ஒரு மூட்டை தூக்குற வேலை. உன் வீட்டுக்காரனுக்காவது நீ இருக்க. நான் யாருக்குப் போன் போடுறது? உன் அண்ணி ஐ.சி.யூல தரை துடைச்சுக்கிட்டு இருப்பா. அதான் கேட்டவுடனே சரின்னுடறது. பேட்டையில பேர் வச்சுட்டானுங்க. வச்சுட்டுப் போறானுங்க."

முதல் துளி விழுந்தது. வேகமாகத் தைத்தான்.

"ஒரு லோடு இருக்கு" என்றாள். "பேப்பர் மில்லு. காலையில எட்டு மணிக்கு அங்க நிக்கணும். பேப்பர் ரோலு. தார்ப்பாய்ல பொத்தல் இருந்தா உள்ளயே விடமாட்டாங்க."

"பேப்பர் மில்லா? எவன் புரோக்கர்?"

"புரோக்கர் இல்ல. நான்தான் பேசினேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பரவாயில்லையே! நேர் லோடு புடிச்சுட்டியா? வாடகை என்னவா இருந்தா என்ன, நான் வர்றேன். அஞ்சு நாளா வண்டி நிக்குது. ஒரு இருபத்தொன்னு வருமா?"

அவன் கேட்டுவிட்டான். அவளுக்கு வேலையே வைக்கவில்லை. கணவன் சொன்ன அதே எண்.

இல்லை, இருபத்தெட்டு என்று சொல்ல ஒரு வினாடிதான் ஆகும். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அடுப்பில் வெடித்த முட்டை அப்படியே கிடக்கிறது. எதிர்த் திசையில் போகும் வண்டியும், அதன் டீசலும், தேயும் டயரும் கண் முன்னால் வந்தன.

"சரி" என்றாள்.

அண்ணன் பல்லால் நூலைக் கடித்து அறுத்தான். முகம் மலர்ந்துவிட்டது. "டேய் பஞ்சர்! என் தங்கச்சி லோடு கொண்டாந்திருக்கா, பாத்தியா? இருபத்தொன்னு!"

"அப்ப என் பஞ்சர் பாக்கியைக் குடு" என்றார் பஞ்சர்க்காரர்.

காலையில் மழை பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. மில்லுக்கு அவளும் அண்ணன் வண்டியிலேயே ஏறிப் போனாள். அவளுக்கென்று சீட்டின் மேல் துவைத்த துண்டை விரித்திருந்தான். காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தான். அதை அவளால் விழுங்க முடியவில்லை.

வழியில் கணவன் கூப்பிட்டான். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"கேட்டியா அநியாயத்தை? இங்க எனக்கு முன்னாடி பாட்டில் ஏத்தினவரைப் பாத்தேன். கம்பெனி குடுக்கிற வாடகை வேறயாம். புரோக்கர் மூணுல ஒரு பங்கை முழுங்கிட்டு மிச்சத்தைத்தான் என்கிட்ட வாடகைன்னு சொல்லியிருக்கான். பாவி! அவன் நல்லா இருப்பானா? டீ வாங்கிக் குடுத்து கழுத்தை அறுத்துட்டான்."

"சரி, பாத்துப் போங்க" என்றாள்.

"அங்க உங்க அண்ணன் இருபத்தொன்னுக்கு ஒத்துக்கிட்டான்ல?"

அண்ணன் பக்கத்தில் இருந்தான். முன் கண்ணாடியில் துடைப்பான் இடம் வலமாக அலைந்தது. "அப்புறம் பேசறேன்" என்று போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம் மாப்பிள்ளைக்கு?"

"ஒண்ணுமில்ல. புரோக்கரைத் திட்டுறாரு."

"திட்டட்டும். திட்டினா கொஞ்சம் தூக்கம் போகும்" என்று சிரித்தான்.

மில் வாசலில் இறங்கியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. கடைசியில் போய் நின்றார்கள். அண்ணன் இறங்கிப் பின்கதவின் கொண்டியைத் தட்டிப் பார்த்தான். பிறகு தார்ப்பாயை எடுத்து உதறினான். அவள் அவன் பக்கத்தில் போய், "அண்ணே, ஒரு விஷயம்..." என்றாள்.

"நீங்கதானாம்மா அது?"

திரும்பினாள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர். போனில் கேட்ட குரல். டிஸ்பாட்ச் மேனேஜர் வரிசையைத் தாண்டி நேராக அவர்களிடமே வந்துவிட்டார். சின்ன உருவம், பெரிய குடை.

"குரலைக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். தார்ப்பாயைப் பிரிக்கச் சொல்லி, தையல் மேல் பேனாவால் குத்திப் பார்த்தார். பேனா இறங்கவில்லை. "நல்லா தெச்சிருக்காங்க. யார் தெச்சது?"

"நான்தாங்க" என்றான் அண்ணன்.

"நீங்க டிரைவரா, ஓனரா?"

"ரெண்டும் நான்தாங்க."

"நல்லது. எனக்கு வாரத்துக்கு ரெண்டு வண்டி வேணும். இந்தம்மா வண்டி ஒண்ணு, உங்க வண்டி ஒண்ணுன்னு வச்சுக்கலாம்." மேனேஜர் குடையை மறு தோளுக்கு மாற்றினார். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "நீங்க எவ்வளவுக்கு வர்றீங்க?"

அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

இருபத்தொன்று என்பது அண்ணனுடைய வாடகை மட்டும் இல்லை. அவன் வாயிலிருந்து அது வெளியே விழுந்த நொடியில் அவளுடைய வாடகையும் அதுதான். ஒரு வருஷம் வாரம் தவறாமல் போட்ட போன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். எந்த மேனேஜர் ஒரே சரக்குக்கு ஒரு வண்டிக்கு இருபத்தெட்டும் இன்னொன்றுக்கு இருபத்தொன்றும் கொடுப்பார்? அந்தக் குழியை நேற்றுத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவளேதான் தோண்டினாள்.

அண்ணன் வாயைத் திறந்தான்.

"இருபத்தெட்டு" என்றாள் அவள். கொஞ்சம் சத்தமாகவே.

அண்ணன் மெல்லத் திரும்பினான். அவளைப் பார்த்தான். முதலில் புரியாத பார்வை. பிறகு புரிந்த பார்வை. இரண்டுக்கும் இடையில் அவன் முகத்திலிருந்து எதுவோ இறங்கிப் போனதை அவள் பார்த்தாள். மழைத் துளி ஒன்று அவன் புருவத்தில் நின்றது. துடைக்கவில்லை.

"உங்க ரேட்டு எனக்குத் தெரியும்மா" என்றார் மேனேஜர். "அவர் வண்டிக்கு அவர் சொல்லட்டுமே."

இனி எல்லாம் அண்ணன் கையில். இருபத்தொன்று என்று சொன்னால் போதும். நேற்றுப் பேசிய ரேட்டு அதுதான், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னால் மில் அவனுக்கு. வாரம் இரண்டு லோடும் அவனுக்கே. அவள் தரையைப் பார்த்தாள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"இருபத்தெட்டுதாங்க" என்றான். தார்ப்பாயை ஒருமுறை தட்டிவிட்டுத் தொடர்ந்தான். "நியாயமா மழைக்காலத்துல ரெண்டு தார்ப்பாய் போடணும், இன்னும் ஆயிரம் சேத்துக் கேக்கணும்னு நெனச்சேன். தங்கச்சி முந்திக்கிட்டா."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பமே இப்படித்தானா?" என்று சிரித்தார். "வண்டி காத்து நிக்கிறதுக்கு ஹால்ட்டிங் காசு கேக்கக் கூடாது, சரியா?"

"நாலு மணி நேரத்துக்கு மேல நிறுத்தினா கேப்போம் சார்" என்றாள் அவள். வாய் தானாகச் சொன்னது.

"சரி, சரி. வரிசையில வாங்க" என்று குடை நகர்ந்து போனது.

முன்னால் இரண்டு வண்டி உள்ளே போயின. அண்ணன் தார்ப்பாயை மடித்தான். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தான்.

"அந்த ஏழு எங்க போகுது?" என்றான் கடைசியில்.

"எங்க வீட்டுக்கு."

"பாட்டில் லோடுக்கு ஈடா?"

"ஆமா."

"மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தானா?"

"அவரும் சொன்னாரு. ஆனா சரின்னது நான்."

"நான் துண்டு துவைச்சு சீட்டுல போட்டேன் பாரு" என்றான். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னான். "தங்கச்சி வர்றாளேன்னு."

அவள் அழவில்லை. அழுதால் அது இன்னொரு பேரம் ஆகிவிடும் என்று தோன்றியது. "இறங்குனதும் சொல்லணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள அவர் வந்துட்டாரு. நீ நம்ப வேண்டாம்" என்றாள்.

"நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியல." வண்டிச் சக்கரத்தைக் காலால் தட்டினான். "ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு மண்டி லோடு. நான் உங்க வயித்துல அடிச்சேன்னுதானே ரெண்டு வருஷமா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற?"

"அடிச்சேதானே?"

"புரோக்கர் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? உன் தங்கச்சி வீட்டுக்காரரே முக்காலுக்கு இறங்கி வந்துட்டாரு, நீ அதைவிடக் கொஞ்சம் குறைச்சா உனக்குத் தர்றேன்னான். மாப்பிள்ளையே இறங்கிட்டானா, அப்ப ரேட்டு அவ்வளவுதான் போலன்னு நானும் இறங்கினேன்."

"இவர் இறங்கவே இல்லையே! நான்தானே பேசினேன். உங்க அண்ணன் முக்காலுக்கு வர்றாரு, நீங்களும் குறைங்கன்னான். முடியாதுன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தான்.

"நாலு தெரு" என்றான் அண்ணன். "நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும்தான்."

ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அந்த ஏழாயிரத்தையும் நான்தான் எடுத்துக்குவேன். ஒரு காசு தரமாட்டேன்."

"எடுத்துக்கோ."

"கமிஷனும் கிடையாது."

"கேக்கலையே."

"கேட்டுடாத" என்று சொல்லி கியரைப் போட்டான். வண்டி குலுங்கி உள்ளே போனது. கேட்டுக்கு வெளியே அவள் மழையில் நின்றாள். பஸ் எந்தப் பக்கம் வரும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

கணவனிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு போனதைச் சொன்னாள், மண்டியைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னான். கோபமா, களைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நாளும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

பாட்டில் இறக்கி முடித்த மதியம் கூப்பிட்டான். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது.

"இறக்கியாச்சு" என்றான். "மூணு பாட்டில் உடைஞ்சதுக்கு வாடகையில பிடிச்சுக்கிட்டான்."

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல." மூச்சு வாங்கியது. "மில்லுல நம்ம முறை எப்ப?"

"வர்ற திங்கள்."

"அதே இருபத்தெட்டா?"

"அதேதான்."

"உங்க அண்ணனுக்கும்?"

"அண்ணனுக்கும் அதேதான்."

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அந்தப் பக்கம் வேறொரு குரல் குறுக்கே வந்தது. குழைவான குரல். "என்ன டிரைவர் சார், திரும்பிப் போற வழியில ஒரு லோடு இருக்கு. மரப் பலகை." ரேட்டைச் சொன்னது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாதிகூட இல்லை.

"இல்லைங்க" என்றான் கணவன்.

"அட, காலியா போறதுக்கு இது மேல் இல்லையா? டீசலாவது வரும்ல?"

"பலகையை ஏத்தி இறக்கவே ரெண்டு நாள் போகும். திங்கக்கிழமை நான் ஊர்ல நிக்கணும்."

"உங்க ஊர் வண்டிக்காரர் ஒருத்தர் இதே ரேட்டுக்கு வர்றேன்னு இப்பதான் சொன்னாரு சார். உங்களுக்கு முதல்ல தரலாமேன்னு பாத்தேன்."

பேச்சு நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் பசியோடு இருக்கிறான், இரண்டு ராத்திரி தூங்காமல் இருக்கிறான். இந்த நேரத்தில் அவனிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு அவரு?" என்றான் கணவன். "நம்பர் குடுங்க. நான் ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"அது... நம்பர் எதுக்கு சார்?"

"எங்க ஊர்க்காரர்னீங்களே. குடுங்க, சும்மா பேசறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தள்ளிப் போனது. பிறகு கதவு சாத்தப்பட்டது. இன்ஜின் இருமி எழுந்தது.

"காலியாவே வர்றேன்" என்றான் போனில்.

"வாங்க."

சரக்கில்லாத லாரி கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் சத்தம் ஆரம்பித்தது. பின்கதவு படபடத்தது, சங்கிலி அடித்துக்கொண்டது. கட்டுக்கு அடங்காத இரைச்சல். அவன் போனை வைக்க மறந்துவிட்டான். அவளும் வைக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அந்த இரைச்சலை இடுக்கிக்கொண்டு, மிச்சத் துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள்.